டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒவ்வாமைக் கட்டத்தில் மருந்தின் பெயரை எழுதுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

போன மாதம் அப்பாவுக்குப் பல்வலி. மருந்துக் கடையில் கொடுத்த மாத்திரையைப் போட்டார். அரை மணி நேரத்துக்குள் உள்ளங்கை அரித்தது, உடம்பெல்லாம் தடித்தது, அப்புறம் நெஞ்சை அடைத்தது. ஆறு மாதத்துக்கு முன்பும் இதே வரிசையில்தான் வந்தது. அன்று முட்டிவலிக்குப் போட்டது டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஊசி. ஈசிஜி மாறியிருந்ததால் மாரடைப்பு என்றார்கள். இதய ரத்தக் குழாய்களைப் பார்க்கும் ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த முறை பார்த்த மருத்துவர், "என்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்றுதான் முதலில் கேட்டார். ரத்த அழுத்தம் இறங்கியிருந்ததால் கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசியைத் தொடையில் போட்டார். பிறகு பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் படித்தார். "மருந்து ஒவ்வாமை: இல்லை" என்று அச்சடித்திருந்தது. ஊசி போட்டதும் அரித்தது என்று அம்மா அன்று மூன்று பேரிடம் சொன்னார். ஒருவரும் எழுதவில்லை.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. ஒவ்வாமையின்போது உடம்பிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற தற்காப்புச் செல்கள் கொட்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் இதயத் தமனியையே இறுக்கிவிடும் என்று கூனிஸ் என்ற கிரேக்க மருத்துவர் 1991-லேயே எழுதினார். அவர் பெயரிலேயே அந்த நோய்க்குறி இருக்கிறது. மாரடைப்பு வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் என்ற வலிநிவாரணிகூட அந்தச் செல்களைத் தூண்டக்கூடும். அப்படியிருக்க, அரிப்பையும் நெஞ்சுவலியையும் சேர்த்துப் பார்க்க ஏன் இவ்வளவு தயக்கம்?

அந்தப் பல்வலி மாத்திரையிலும் இருந்தது டைக்ளோஃபெனாக்தான். அது பல கம்பெனிப் பெயர்களில், பாராசிட்டமாலோடு சேர்த்தும் வருகிறது. மாத்திரை அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதை எழுபது வயதுக்காரர் எப்படிப் படிப்பார்? சீட்டில்லாமல் அதை எடுத்துக் கொடுக்கும் கடைகள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அது தனிப் பேச்சு. எழுதியிருந்தால் நாங்களாவது கேட்டு வாங்கியிருப்போம்.

ஆகவே கேட்கிறேன்: சம்மரியில் ஒவ்வாத மருந்தின் பெயரை எழுதுங்கள். கம்பெனிப் பெயரை அல்ல, மருந்தின் பெயரை, தமிழிலும். நோயாளி சட்டைப்பையில் வைக்க ஒரு அட்டையும் கொடுங்கள். மருந்துகளால் வரும் பாதிப்புகளைப் பதிவுசெய்யும் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நாட்டில் இருக்கிறது. அதற்கான படிவத்தையும் நிரப்பி அனுப்புங்கள்.

அடுத்த மாதம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அம்மா ஒரு காலண்டர் தாளின் பின்னால் "டைக்ளோஃபெனாக் கூடாது" என்று எழுதி வைத்திருக்கிறார். அதை நீங்கள் எழுதித் தந்திருக்க வேண்டும். இனி வரும் நோயாளிகளுக்காவது தயவுசெய்து எழுதிக் கொடுங்கள்.

பணிவுடன்,
ஒரு நோயாளியின் மகன்