ஏரிக் கப்பல்களின் வரலாற்றுக்கும் இடம் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கப்பல் போக்குவரத்தின் வரலாறு பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவரும் கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். அவை யாவும் கடலைப் பற்றியனவாகவே இருக்கின்றன. உள்நாட்டு ஏரிகளில் சரக்கையும் மக்களையும் சுமந்த பழைய கப்பல்களைப் பற்றி எதுவும் வராதது எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது. ஏரி என்றால் கரைக்குக் கரை தோணி விடும் நீர்நிலை என்றே பலரும் எண்ணுகிறார்கள். வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளுள் ஒன்றான சுப்பீரியர் ஏரி மட்டுமே 82,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1975 நவம்பர் 10 அன்று அந்த ஏரியில் வீசிய புயலில், ஏறத்தாழ 222 மீட்டர் நீளமுள்ள எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற தாதுக் கப்பல் அதிலிருந்த 29 பேருடனும் மூழ்கிப்போனது.

அந்த ஐம்பெரும் ஏரிகளின் மேற்பகுதியில் முதன்முதலாகப் பாய் விரித்த பெரிய கப்பல், பிரெஞ்சுக்காரரான லசால் 1679இல் கட்டிய கிரிஃபோன். விலங்குத் தோல்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய முதல் பயணத்திலேயே அது காணாமற்போனது. 1818இல் ஈரி ஏரிக்கு முதல் நீராவிக் கப்பல் வந்தது; 1825இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டதும், குடியேற வந்தவர்கள் பஃபலோ நகரம் வரை கால்வாய்ப் படகில் வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பலேறி மேற்கே சென்றார்கள். சுப்பீரியர் ஏரி மட்டும் நெடுங்காலம் தனித்தே கிடந்தது. அதன் நீர் ஹியூரான் ஏரியை நோக்கி இறங்கும் இடத்தில் ஆறு மீட்டருக்கும் மேல் சரியும் பாறை ஓட்டம் கப்பல்களை மறித்து நின்றதே காரணம். நீர்மட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் கப்பலைக் கடத்திவிடும் மதகு அறைகள் 1855இல் அங்கே கட்டப்பட்ட பிறகுதான், சுப்பீரியர் கரையின் இரும்புத்தாது தெற்கேயிருந்த உருக்காலைகளுக்குத் தடையின்றிப் பாய்ந்தது.

அந்தத் தாதுவுக்கென்றே பிறந்த கப்பல் வடிவத்தை எவ்வளவு வியந்தாலும் தகும். 1869இல் கிளீவ்லாந்தில் கட்டப்பட்ட ஆர். ஜே. ஹேக்கெட் என்ற மரக்கப்பலில், மாலுமி நின்று ஓட்டும் அறையை முன்முனையிலும் இயந்திரத்தைப் பின்முனையிலும் வைத்து, நடுப்பகுதி முழுவதையும் சரக்குக்கே விட்டுவிட்டார்கள். தாது கொட்டும் துறைகளில் சரிகுழாய்கள் எந்த இடைவெளியில் அமைந்திருந்தனவோ, அதற்குப் பொருந்தும்படியே மேல்தளத் திறப்புகளையும் அமைத்தார்கள். அதாவது துறைக்கும் கப்பலுக்கும் ஒரே அளவுகோல். இரும்பும் பிறகு எஃகும் வந்து கப்பலின் நீளம் பன்மடங்கு பெருகியபோதும், இந்த அமைப்பு நூறாண்டுக் காலம் பெரிதும் மாறவில்லை. அலெக்சாண்டர் மெக்டூகல் உருவாக்கிய, திமிங்கில முதுகைப் போல் மேல்தளம் வளைந்த கப்பல்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றுள் எஞ்சியிருப்பது 1896இல் கட்டப்பட்டு, இன்று விஸ்கான்சின் மாநிலத்தில் அருங்காட்சியகமாக நிற்கும் மீட்டியார் ஒன்றுதான்.

உப்புநீர் இரும்பை விரைவாக அரிக்கும். நன்னீரில் அரிப்பு மெதுவாகவே நடக்கும். ஆகவே கடற்கப்பல்கள் சில பத்தாண்டுகளில் உடைக்கப்பட்டுவிட, ஏரிக் கப்பல்கள் மூன்று தலைமுறை மாலுமிகளைக் கண்டன. 1906இல் நீரில் இறக்கப்பட்ட ஒரு சரக்குக் கப்பல் 2013 வரை தன் சொந்த இயந்திரத்திலேயே ஓடியது.

பயணிகள் கப்பல்களுக்கோ அத்தகைய நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை. அவற்றில் ஈஸ்ட்லேண்டின் கதை ஒவ்வொரு கப்பல் பொறியாளரும் அறிந்திருக்க வேண்டியது. டைட்டானிக் மூழ்கிய பின், கப்பலில் உள்ள அனைவருக்கும் உயிர்காப்புப் படகு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 1915 மார்ச்சில் அமெரிக்காவில் அதற்கான சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வருவதை எதிர்நோக்கி, ஏற்கெனவே மேற்பாரம் மிகுந்து தள்ளாடுவதாகப் பெயரெடுத்திருந்த ஈஸ்ட்லேண்டின் மேல்தளத்தில் கூடுதல் படகுகளையும் மிதவைகளையும் ஏற்றினார்கள். அதே ஆண்டு ஜூலை 24 காலையில், ஒரு தொழிற்சாலைத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தினருமாக 2,500 பேருக்கு மேல் இன்பச் சுற்றுலாவுக்கு ஏறியிருந்த நிலையில், சிகாகோ ஆற்றுத் துறையை விட்டு அகலுமுன்பே அக்கப்பல் ஒருபுறமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. நீரின் ஆழம் சுமார் இருபது அடி. கரையோ கைக்கெட்டும் தொலைவு. ஆயினும் 844 பேர் மாண்டனர். உயிர் காக்க ஏற்றிய பாரம், கப்பலின் நிலைப்பைக் கணக்கிடாமல் ஏற்றப்பட்டதால், உயிர் குடிக்கத் துணைபோனது.

1949 செப்டம்பரில் டொராண்டோ துறையில் கட்டி நிறுத்தியிருந்த நோரோனிக் என்ற பயணிகள் கப்பல் நள்ளிரவுக்குப் பின் தீப்பற்றியது. மெருகூட்டிய மரச் சுவர்கள் வழியே தீ விரைந்து பரவ, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் மாண்டனர். அதன் பிறகு தீப்பாதுகாப்பு விதிகள் இறுகின, சாலைகளும் பெருகின, மர அறைகள் கொண்ட பழைய பயணிகள் கப்பல்கள் 1960களில் ஒவ்வொன்றாக விடைபெற்றன. 1907இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட கீவாட்டின் மட்டும் தப்பி, இப்போது கனடாவின் கிங்ஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கடலிலிருந்து ஏரிகளுக்கு வரும் கால்வாயின் மதகு அறைகள் சிறியவையாக இருந்ததால், வந்த புதிதில் அதை இரண்டாக வெட்டிக் கடத்தி, மீண்டும் பொருத்தியிருக்கிறார்கள்!

பிற கண்டங்களிலும் இத்தகைய உழைப்பு உண்டு. இங்கிலாந்தில் கட்டிய யாவாரி என்ற கப்பலின் உறுப்புகள் கோவேறு கழுதைகளின் முதுகில் ஆண்டிஸ் மலையேறி, ஒன்றாகப் பொருத்தப்பட்டு, 1870இல் தென் அமெரிக்காவின் டிட்டிகாகா ஏரியில் மிதந்தன. ஜெர்மனியில் செய்து பெட்டிகளில் அனுப்பப்பட்ட ஒரு கப்பல் 1915இல் ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் இறங்கி, மறு ஆண்டே போரில் எதிரி கைக்குப் போகாதபடி வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டு, 1924இல் மீட்கப்பட்டு, லியம்பா என்ற பெயரில் இருபத்தோராம் நூற்றாண்டிலும் பயணிகளைச் சுமந்தது.

இந்த வரலாற்றை இப்போதே எழுதியாக வேண்டும் என்பதற்கு அவசரமான காரணம் ஒன்று உண்டு. மரத்தைத் துளைக்கும் கடற்புழு நன்னீரில் வாழாததால், ஐம்பெரும் ஏரிகளின் அடியில் மரக்கப்பல்கள் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சிதையாமல் கிடந்தன. ஆனால் வெளிநாட்டுக் கடற்கப்பல்கள் நிலைப்புக்காகச் சுமந்துவந்து வெளியேற்றிய நீரோடு 1980களில் வந்து சேர்ந்த அயல் சிப்பிகள், இன்று அந்தச் சிதைவுகளின் மேல் அடை அடையாகப் படிந்து, மரத்தைப் பாரத்தால் இறுத்து, இரும்பு ஆணிகளின் அரிப்பையும் தூண்டுகின்றன. கீழ் ஏரிகள் பலவற்றில் கப்பலின் பெயர்ப்பலகையைக்கூடப் படிக்க இயலாத நிலை.

ஆகவே, ஏரிக் கப்பல்களைப் பற்றி ஒரு தொடர் வெளியிடுமாறும், தங்கள் நினைவுநாள் பகுதியில் ஜூலை 24ஆம் நாளை ஈஸ்ட்லேண்டில் இறந்தவர்களுக்கு ஒதுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் வாசகர்