மூக்கு உரசாமல் வீடு சேர

குன்னூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கடைசியில் போர்ஷே பாக்ஸ்டரை, அந்தத் தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரை, வாங்கியே விட்டாய்! யெஸ்டி பைக்கில் நாம் நனைந்துகொண்டே கோத்தகிரி ஏறிய காலத்து ஆசை. ரொம்ப சந்தோஷம். ஆனால் முதல் நாளே வீட்டு வாசல் சரிவில் வண்டியின் மூக்கு உரசிவிட்டது என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. அந்தச் சத்தம் வயிற்றைப் பிசைவது எனக்கும் தெரியும்.

ஸ்பிரிங்கோடு ஸ்பேசர் என்கிற கட்டையைப் போட்டு முன்பக்கத்தைத் தூக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். வீல் அலைன்மென்ட் மாறும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், வளைவில் வண்டி திரும்புகிற அந்த அழகே போய்விடும். உன் வீட்டுச் சரிவைத்தான் சரி செய்ய வேண்டும்.

டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் கீழ் உதடு வரை என் பாக்ஸ்டரில் 90 செ.மீ.; உதட்டின் உயரம் 12 செ.மீ. அப்படியென்றால் மீட்டருக்கு 13 செ.மீ.க்கு மேல் ஏறும் எந்தச் சரிவிலும் நேராகப் போனால் இடிக்கும். உன் வண்டியிலும் இதே இரண்டையும் அள. அப்புறம் ஒரு மீட்டர் பலகையை ரசமட்டம் வைத்துப் பிடித்து, வாசல் சரிவு எவ்வளவு இறங்குகிறது என்று பார். நம் மலை வீடுகளில் 17 செ.மீ. சாதாரணம்.

கொத்தனாரிடம் சொல்லி, சரிவு முடிந்து தரை தொடங்கும் இடத்தில் பாதிச் சாய்வில் ஒரு துண்டு போடச் சொல். வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், ஏறத்தாழ 2.4 மீட்டர், அந்த நீளமாவது வேண்டும். மேலே ரோட்டைத் தொடும் முனையிலும் இதே மாதிரி வேண்டும், இல்லாவிட்டால் அடிவயிறு தட்டும். சரிவின் மேற்பரப்பில் குறுக்குக் கோடு கீறச் சொல், மழையில் டயர் பிடிக்கும்.

அதுவரை கோணலாக இறங்கு. 45 டிகிரியில் போனால் 17 செ.மீ. சரிவு வண்டிக்கு 12 ஆகிவிடும். பம்பரின் ஓரங்கள் பின்னுக்கு வளைந்திருப்பதும் கூடுதல் உதவி. ஒரு சக்கரம் இறங்கிய பிறகு அடுத்தது, நடை வேகத்தில்.

வேகத்தடையிலும் அப்படித்தான். சாலை அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் அளவுப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். அப்படி இருந்தால் பிரச்சினையே இல்லை. ஊரார் போட்டுக்கொள்கிற, அகலம் குறைந்த செங்குத்தான மேடுகள்தான் ஆபத்து. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, ஏறும் முன் பிரேக்கை விட்டுவிடு. பிரேக் மிதிக்கும்போது மூக்கு தாழ்கிறது, பலர் அந்த நொடியில்தான் இடிக்கிறார்கள்.

மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் உள் ஓரம்தான் செங்குத்து. எதிரே எதுவும் வராதபோது சற்று வெளியே தள்ளித் திரும்பு. பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது தார் விளிம்பைவிட்டு மண்ணில் இறங்காதே, நின்று வழி விடு. என் வண்டியின் பம்பரில் முதல் விரிசல் அங்கேதான் விழுந்தது.

அந்த விரிசலோடு நான் அசட்டையாக இருந்தது பெரிய தவறு. பாக்ஸ்டரின் ரேடியேட்டர்கள் முன் சக்கரங்களுக்கு முன்னால், பம்பருக்குள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. விரிசல் வழியாக யூகலிப்டஸ் இலையும் சேறும் புகுந்து கெட்டியாகப் படிந்து, ஏற்றத்தில் சூடு ஏற ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தபோது ஒரு கூடை குப்பை. பம்பர் உதட்டை மாற்றுவது சின்னச் செலவு, ரேடியேட்டர் போனால் அப்படியில்லை. மாதம் ஒரு முறை குனிந்து டார்ச் அடித்துப் பார். கனமான சாமானைப் பின் டிக்கியில் வை, முன் டிக்கி லேசாக இருக்கட்டும்.

வசந்தாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே மூன்று நாளாக மூடுபனி, பிள்ளைகள் எல்லாரும் சுகம்.

வருகிற ஞாயிறு ரசமட்டத்தோடு நானே வருகிறேன். கொத்தனாரைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லி வை, சாயங்காலத்துக்குள் அளவு போட்டுக் கோடு கிழித்துவிடலாம்.

உன்,
ரவி