லேபிளைக் கிழித்தால் டெபாசிட் இல்லையாம்: குளிர்பான நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: பாட்டில் லேபிளில் உள்ள தவறான அறிவுரையால் 41 காலி பாட்டில்களுக்கு டெபாசிட் தொகை மறுக்கப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் அரை லிட்டர் பானத்தை ஆறு ஆண்டுகளாக வாங்கிவருகிறோம். ஒவ்வொரு முறையும் விலையோடு டெபாசிட் தொகையையும் சேர்த்தே செலுத்துகிறோம். காலி பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்க வேண்டும். சென்ற ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மாதமாகச் சேர்த்த 58 பாட்டில்களைக் கொண்டுபோனோம். இயந்திரம் 17 பாட்டில்களை மட்டும் வாங்கிக்கொண்டது. மற்ற 41 பாட்டில்களையும் ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிட்டது.

ஏற்கப்பட்ட 17 பாட்டில்களும் நான் அலுவலகத்தில் குடித்துவிட்டு அப்படியே பையில் போட்டு எடுத்துவந்தவை. மறுக்கப்பட்ட 41 பாட்டில்கள் என் பத்து வயது மகள் பொறுப்பேற்றுக் கழுவிக் காயவைத்தவை. உங்கள் பாட்டிலை மேலிருந்து கீழ்வரை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையில், "மறுசுழற்சிக்கு முன் உறையைக் கிழித்து அகற்றவும். பாட்டிலை நசுக்கவும். மூடியைத் தனியே போடவும்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அவள் அதை எழுத்துப் பிசகாமல் செய்தாள். ஆனால் இயந்திரம் தேடும் பார்கோடு அந்த உறையில்தான் இருக்கிறது. பாட்டிலின் வடிவமும் கெடாமல் இருக்க வேண்டும். நீங்கள் சொன்னதைக் கேட்டவளுக்குப் பணம் இல்லை, கேட்காத எனக்குப் பணம் கிடைத்தது.

கிழித்த உறைகளையும் அவள் தூக்கி எறியவில்லை, ஒரு பையில் கட்டி வைத்திருந்தாள். அவற்றைக் காட்டிக் கடை ஊழியரிடம் கேட்டோம். பாட்டிலில் இருந்து பிரிந்த பார்கோடை ஏற்றால் ஒரே உறையைப் பலமுறை காட்டிப் பணம் வாங்கிவிடுவார்கள் என்றார். அவர் சொன்னது நியாயம்தான், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வீட்டுக்கு வந்து உங்கள் சேவை எண்ணை அழைத்தேன். இயந்திரம் எங்களுடையது அல்ல, கடையில் கேளுங்கள் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். முன்னதாகக் கடையிலிருந்து திரும்பி வரும் வழியில் என் மகள், "இதற்குப் பேசாமல் குப்பையிலேயே போட்டிருக்கலாமே?" என்று கேட்டாள். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

உறையை அகற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு என்பதை அறிவேன். பிரிப்பு ஆலைகளில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சித்தான் எது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்கிறார்கள். பாட்டில் முழுவதையும் வேறொரு பிளாஸ்டிக் மூடியிருந்தால் அந்த ஒளி உறையைத்தான் படிக்கும், உள்ளே பாட்டிலாக இருக்கும் பெட் (PET) என்ற பிளாஸ்டிக்கைப் படிக்காது. உறை பிவிசி (PVC) என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்காக இருந்துவிட்டால் இன்னும் மோசம். சிறிதளவு கலந்தாலே உருக்கும்போது பெட் நிறம் மாறித் தரம் கெட்டுவிடும். ஆகவே குறை கிழிக்கச் சொன்ன வரியில் மட்டும் இல்லை, கிழிக்க வேண்டிய நிலையை உண்டாக்கிய உறையில் இருக்கிறது. பாட்டிலின் நடுவில் ஒரு சிறிய காகித லேபிளும் அதில் பார்கோடும் இருந்தால் யாரும் எதையும் கிழிக்க வேண்டியதில்லை. பளபளக்கும் முழு உறை உங்கள் விற்பனைக்கு உதவுகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு தேவை எனக்குத் தெரியவில்லை.

மூடியைப் பற்றிய அறிவுரையும் சரியில்லை. தனியே போட்ட மூடி பிரிப்பு ஆலையின் சல்லடையில் நழுவி வீணாகிறது, இல்லாவிட்டால் தெருவில் கிடக்கிறது. பாட்டிலோடு திருகி அனுப்பினால் ஆலையில் பொடியாக்கித் தண்ணீரில் இடும்போது மூடித் துகள் மிதக்கும், பெட் துகள் மூழ்கும், எளிதாகப் பிரிந்துவிடும். மூடி பாட்டிலைவிட்டுக் கழன்று போகவே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது.

தெருக்குப்பைக்குக் காரணம் மக்களின் பழக்கம் என்று உங்கள் விளம்பரங்கள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அதை என்னால் ஏற்க முடியாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1971-இல் பாட்டில் டெபாசிட் சட்டத்தை இயற்றியதே சாலையோரக் குப்பையைக் குறைக்கத்தான். லிதுவேனியா 2016-இல் இதைத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் பத்தில் ஒன்பது பாட்டில்களுக்கு மேல் திரும்பி வந்தன. அந்த நாட்டு மக்களின் குணம் இரண்டு ஆண்டுகளில் மாறிவிடவில்லை. திருப்பிக் கொடுப்பது எளிதாக இருந்தது, கொடுத்தவருக்குப் பணம் கிடைத்தது, அவ்வளவுதான். ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில்களுக்கு டெபாசிட் இருக்கிறது. பாட்டிலை நசுக்காமல், லேபிளோடு கொண்டுவர வேண்டும் என்பது அங்கே பால பாடம். உங்கள் லேபிள் நேர் எதிரானதைக் கற்றுக்கொடுக்கிறது.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். இப்படித் திரும்பப் பெறப்படாத டெபாசிட் தொகை யாரிடம் தங்குகிறது? நார்வேயில் அது திட்டத்தை நடத்தவே செலவாகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அதன் பெரும்பகுதி அரசுக்குப் போகிறது. உங்கள் பாட்டில்களில் அது உங்கள் கணக்கில் தங்குகிறது என்றால், தவறான அறிவுரையால் வாடிக்கையாளர் இழப்பது உங்களுக்கு வருமானம் ஆகிறது. வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதற்கு எழுத்துமூலம் பதில் வேண்டும்.

என் மகள் பெயருக்கு 41 பாட்டில்களின் டெபாசிட் தொகையைத் திருப்பித் தாருங்கள். தொகை சிறியதுதான், ஆனாலும் அது அவளுக்குச் சேர வேண்டியது. லேபிளில் உள்ள அறிவுரையைத் திருத்துங்கள். புதிய லேபிள் வரும்வரை, "கிழிக்க வேண்டாம், நசுக்க வேண்டாம், மூடியோடு கொடுக்கவும்" என்ற அறிவிப்பை எல்லா இயந்திரங்களின் அருகிலும் ஒட்ட ஏற்பாடு செய்யுங்கள். இது ஒரு வாரத்தில் முடியக்கூடிய வேலை. முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன்.

அந்த 41 பாட்டில்களும் உறைகளும் இரண்டு பைகளில் எங்கள் வீட்டில் அப்படியே இருக்கின்றன. உங்கள் அலுவலர் எந்த நாளிலும் வந்து எண்ணிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: லேபிளின் புகைப்படம், இயந்திரம் அளித்த ரசீது, இரண்டு மாதக் கொள்முதல் ரசீதுகள்.