விண்கல் விலகியதையும் அதே சிவப்பு எழுத்தில் சொல்லுங்கள்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன வாரம் இரவு ஒன்பது மணிச் செய்தியில் 'சித்திரையில் பூமியைத் தாக்குமா அசுரக் கல்?' என்று சிவப்பு எழுத்தில் ஓடியது. என் மகள் எழுந்துபோய் டிவியை அணைத்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே. அதனால்தான் இந்த மடல்.

2024 ஒய்.ஆர்.4 விண்கல் உங்களுக்கு நினைவிருக்கும். 2032 டிசம்பர் 22இல் அது பூமியில் மோத வாய்ப்பு உண்டு என்று 2025 தொடக்கத்தில் விஞ்ஞானிகள் சொன்னது உண்மைதான். விழக்கூடிய பாதையில் தெற்காசியாவும் இருந்தது. ஆனால் மெரினா தீப்பற்றி எரிவதுபோல் கிராபிக்ஸ் போடச் சொன்னது யார்?

அப்போது அவள் நான்காம் வகுப்பு. விரல்விட்டு எண்ணிவிட்டு, "அம்மா, அன்னைக்கு நான் பிளஸ் டூ. அரையாண்டுப் பரீட்சை நடந்துக்கிட்டு இருக்கும்" என்றாள். அப்புறம் சைக்கிளுக்காகச் சேர்த்த உண்டியலைத் திறந்து, சில்லறை மொத்தத்தையும் என் மடியில் கொட்டினாள். "நீங்களே செலவு பண்ணிக்கோங்க." பத்து நாள் எங்களுக்கு நடுவில்தான் படுத்தாள். தூக்கத்திலும் என் புடவைத் தலைப்பை விடவில்லை.

பிப்ரவரி 18இல் வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறியது. அன்று முழுக்க பிரேக்கிங். ஒரு வாரத்துக்குள் அது 0.004 சதவீதமாக இறங்கியபோது, எங்கள் வீட்டில் பார்க்கும் சேனலில் அடியில் ஓடும் வரியாக ஒரே ஒரு தடவை போனது. பயமுறுத்தியது குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது, பயம் தீர்ந்தது சேரவில்லை.

ஏன் ஏறி இறங்கியது என்று கடைசியில் நான்தான் காட்டினேன். வாசலில் கோலமாவால் பெரிய வட்டம் போட்டேன். கல் அந்த நாளில் அதற்குள் எங்கேயும் இருக்கலாம். ஓரமாக ஒரு புளியங்கொட்டை, அதுதான் பூமி. தொலைநோக்கியில் பார்க்கப் பார்க்க வட்டம் சுருங்கும். கொட்டை உள்ளேயே இருக்கிறவரை, சின்ன வட்டத்தில் அதன் பங்கு கூடிக்கொண்டேதான் போகும். இன்னும் சுருங்கியதும் கொட்டை வெளியே நின்றது. அவள் முகம் தெளிந்துவிட்டது. இதைக் காட்ட உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

இப்போது அபோபிஸ் என்ற இன்னொரு விண்கல்லைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். 2004இல் அதற்கும் 2.7 சதவீதம் சொன்னார்கள். 2021இல் ரேடாரில் அளந்து, குறைந்தது 100 ஆண்டுகளுக்கு மோதாது என்று உறுதி செய்தாகிவிட்டது. 2029 ஏப்ரல் 14 அதிகாலை, நம் நேரப்படி, சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோகும். உங்கள் ஒளிபரப்பைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டரில் இருக்கின்றன, கல் அதைவிடக் கிட்டே வரும்! ஐரோப்பா, ஆப்பிரிக்காவில் வெறும் கண்ணுக்கே தெரியுமாம். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டவேண்டிய அதிசயத்தை அசுரன் ஆக்கிவிட்டீர்கள். தலைப்பில் ஒரு கேள்விக்குறி போட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

கிரகணம் வந்தாலும் இதே கதை. ஜோதிடருக்கு அரை மணி நேரம், கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது என்று சொல்ல. காவலூரில் வானாய்வகம் இருக்கிறது. கொடைக்கானலில் 1899இல் அமைந்த சூரிய ஆய்வகம் இருக்கிறது. ஒரு போன் போட்டுக் கேட்க எத்தனை நேரம் ஆகும்? மன்னிக்கவும், கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். விண்கல் செய்தியே போடாதீர்கள் என்று சொல்லவில்லை. எத்தனை சதவீதம், எவ்வளவு தூரம் என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். ஆபத்து விலகினால் அதையும் அதே அளவு எழுத்தில், அதே நேரத்தில் சொல்லுங்கள்.

தயவுசெய்து இந்த வாரமே அபோபிஸில் தொடங்குங்கள். 'மோதாது' என்று ஒன்பது மணிக்குச் சிவப்பு எழுத்தில் ஓடட்டும். டிவியை நானே போட்டு, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் செய்தியை நாள்தோறும் பார்க்கும் ஓர் அம்மா