அதை கேன்சர் ஜீன்னு போடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன வாரம் நம்ம பேப்பர்ல பிஆர்சிஏ1ங்கற ஜீனை 'கேன்சர் ஜீன்'னு கொட்டை எழுத்துல போட்டிருந்தீங்க, அது தப்புங்க. ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் 17வது குரோமோசோம்ல அது இருக்கு, அதோட வேலையே ரிப்பேர்தான். டிஎன்ஏவோட ரெண்டு இழையும் சேர்ந்து அறுந்துபோச்சுன்னா அந்த ஜீன் சொல்லி உருவாகற, 1863 அமினோ அமிலம் கோத்த புரதம் அங்க வந்து, மத்த புரதங்களையும் கூட்டு சேத்துக்கிட்டு, பக்கத்துல இருக்கற அதே டிஎன்ஏவோட இன்னொரு காப்பிய பாத்து எழுத்து மாறாம ஒட்ட வைக்க உதவுது. அந்த ஜீனே பழுதா பிறவியில வந்தாதான் மார்பு, சினைப்பை கேன்சருக்கு வாய்ப்பு ஏறுது.

ரங்கூன்ல எங்க அத்தை மார்பு கேன்சர்லதான் போனாங்க, அவங்க முகத்துல பூச 'தனக்கா'ங்கற மரப்பட்டைய அரைச்ச கல்லு இன்னும் ஜன்னலோரம் கிடக்கு, யாருக்கும் எடுக்க மனசில்ல. உங்க கட்டுரைய படிச்சிட்டு தங்கச்சி சொல்றா, "அது அப்பா பக்கம்தானே, நமக்கென்ன"ன்னு! அப்பா வழியாவும் வரும்ங்க, பழுது உள்ள அப்பாவோட ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி சான்ஸ். 1990ல மேரி கிளேர் கிங்ங்கற விஞ்ஞானி குரோமோசோம்ல அந்த ஜீன் இருக்கற இடத்தை காட்டி, 1994ல ஜீனே கையில கிடைச்சாச்சு, நாம இன்னும் அம்மா பக்கம் மட்டும் பாக்கறோம். ஒரு மூலையிலயாவது திருத்தம் போடுங்க, டாக்டர்கிட்ட அத்தைங்களையும் சொல்லணும்னு ஒரு வரி சேத்து.

ஒரு வாசகி, ரங்கூன்