உப்புத் தண்ணீரும் உன் யோசனையும்

கடலூர்,
18.5.2025

அன்புள்ள சேது,

பொங்கலுக்கு எழுதுவதாகச் சொன்னவன் சித்திரை முடிந்தபிறகு எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே அனைவரும் நலம். பெரியவளுக்கு வரன் இன்னும் கூடிவரவில்லை. பட்டாணி மூன்றாவது முறையாகக் கடையை மாற்றியிருக்கிறான். திறப்பு விழாவுக்கு உன் பெயரைச் சொல்லி ஒரு மாலை வாங்கிப் போட்டேன், பணத்தை உன்னிடம் வாங்கிக்கொள்ளுமாறு பூக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. எங்கள் வீட்டுத் தண்ணீர் உப்பாகிவிட்டது.

மாசிக் கடைசியில் ஒரு நாள் துவரம்பருப்பு வேகவில்லை. கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று நான் சண்டைக்குப் போய், அடுத்த கடையில் வாங்கி வந்து, அதுவும் வேகாமல் விதை விதையாக நின்றபோது, உன் தங்கச்சி ஒன்றும் பேசாமல் ஒரு டம்ளர் தண்ணீரை என் முன்னால் வைத்தாள். வாயில் வைத்தவுடன் துப்பினேன். பல நாளாகவே சோப்பு நுரைக்கவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இப்போது குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர். கேன் ஒன்றுக்கு 35 ரூபாய்.

இதில் உனக்கும் பங்கு உண்டு. எங்கள் அப்பா 25 அடியில் இறக்கிய கைப்பம்பை, மூன்று வருடத்துக்கு முன் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "இதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு மோட்டார் போடு" என்றவன் நீதான். நான் ஆள் பிடித்தேன். வந்தவர் 80 அடி வரை இறக்கினால் கோடையிலும் வற்றாது என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை, தண்ணீர் இன்றுவரை வற்றவில்லை!

நிலவியல் படித்த என் மைத்துனர் சென்ற வாரம் வந்திருந்தார். தெருவில் சிலர், நெய்வேலியில் சுரங்கத்துக்காக இரவும் பகலும் நீர் இறைப்பதால்தான் இப்படி ஆயிற்று என்று பேசிக்கொள்கிறார்கள். நானும் அதையே சொன்னேன். அவர் சிரித்தார். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஆழ்நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துவிடாமல் இருக்க அங்கே இறைக்கிறார்கள், அது வேறு அடுக்கு, வேறு வழக்கு. உங்கள் வீட்டு உப்பு உங்கள் வீட்டு மோட்டார் கொண்டுவந்தது என்று சொல்லிவிட்டு, மின்கட்டண ரசீதின் பின்புறத்தில் படம் போட்டுக் காட்டினார்.

நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் 1000 கிராம் என்றால் கடல்நீர் ஏறக்குறைய 1025 கிராம். இந்தச் சிறு வித்தியாசத்தால், நம் கடற்கரை மணலுக்குள் இறங்கிய மழைநீர் அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் நிற்குமாம். அந்த ஓர் அடியை நாம் இழந்தால், நாளடைவில் அந்த 40 அடியும் போய்விடும். அதற்கு மேல், மோட்டார் வேகமாக உறிஞ்சும் இடத்துக்கு நேர் கீழே உப்புநீர் புற்றுபோல் கூம்பாக எழும்பி வருகிறது. அப்பா கைப்பம்பால் பாலாடையை வழித்து எடுப்பதுபோல் மேலே நின்ற நீரை எடுத்துக்கொண்டிருந்தார். நான் அடிவரை கரண்டியை விட்டுத் துழாவிவிட்டேன்.

இதை எழுதும்போது சென்ற டிசம்பர்தான் கண்முன் நிற்கிறது. ஃபெஞ்சல் புயலில் பக்கத்துப் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ. பெய்தது, 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எங்கெல்லாம் புகுந்தது என்று உனக்குத் தெரியும். நீதான் இரவெல்லாம் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டு, தண்ணீர் வடிந்தால் போதும் என்று வேண்டாத தெய்வமில்லை. வடிந்தது, அத்தனையும் கடலுக்குப் போயிற்று. மூன்றே மாதத்தில் பருப்பு வேகத் தண்ணீர் இல்லை.

உன்னிடம் மட்டும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2003இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அப்போது கொல்லையில் ஒரு குழி வெட்டி, ஜல்லியும் மணலும் போட்டு, மாடியிலிருந்து குழாய் இறக்கியதுபோல் காட்டினேன். குழாய் குழிவரை போகவே இல்லை. பார்வையிட வந்தவரும் குனிந்து பார்க்கவில்லை. எங்கள் மாடி 1000 சதுர அடி. ஆண்டுக்கு 120 செ.மீ. மழை என்று வைத்தாலும், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் அதில் விழுகிறது. இருபத்தொரு வருடம் அதைத் தெருச் சாக்கடைக்கு விட்டிருக்கிறேன். நம் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் பெருக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பிரம்பை எடுத்திருப்பார்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். 2004 முதல் எங்கள் வீராணத்துத் தண்ணீரைச் சென்னையில் குழாயில் பிடித்துக் குடிக்கும் உனக்கு, எங்கள் மாவட்டத்துக்காரன் உப்பைக் குடிப்பது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

நேற்று குழியைத் தோண்டிப் பார்த்தேன். ஜல்லிக்கு மேல் ஒரு முழத்துக்கு மண்ணும் வேரும், நடுவில் பெரியவளின் சின்ன வயது பிளாஸ்டிக் வாளியும் கிடந்தன. ஐப்பசி மழைக்கு முன் ஜல்லியைக் கழுவிப் போட்டு, குழாயையும் இந்த முறை உண்மையாகவே இறக்கிவிடுவேன். 80 அடிக் குழாயைச் சிமெண்டால் அடைக்கச் சொல்லிவிட்டேன். அப்பாவின் கைப்பம்பு பழைய இடத்திலேயே நிற்கிறது. அடித்தால் மூச்சு மட்டும் விடுகிறது, தோல் வாஷர் காய்ந்து சுருங்கிவிட்டது. அந்த அளவு வாஷர் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. பழையதைக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பாரிமுனைப் பக்கம் போகும்போது விசாரித்து, இதே அளவில் இரண்டு வாங்கி அனுப்பு. மாலைக் காசில் கழித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ரகு