நீலகிரி செம்மறி இனத்தை உரோமத்துக்கும் கறிக்கும் சேர்த்து வளர்க்கப் பொலிகிடாவும் உரோமக் கொள்முதலும் கேட்டு மனு

அனுப்புநர்
செம்மறி ஆடு வளர்க்கும் குடும்பங்கள்,
சாண்டிநல்லா சுற்றுவட்டாரம்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம்.

பொருள்: நீலகிரி இனப் பொலிகிடாக்களை (இனவிருத்திக்கான ஆண் ஆடுகளை) சுழற்சி முறையில் வழங்கவும், மயிர் கத்தரிப்பு முகாம் நடத்தி உரோமத்தைக் கொள்முதல் செய்யவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் தலைமுறை தலைமுறையாக நீலகிரி செம்மறி வளர்த்து வருகிறவர்கள். எங்கள் பட்டிகளில் இந்த இனம் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது. நோய் வந்து அழியவில்லை, தீவனம் இல்லாமலும் அழியவில்லை. ஆட்டுக்குக் கிடைக்கிற பணம் முழுவதும் கறிக்குத்தான்; உரோமத்தைக் கேட்க ஆளில்லை. அதனால் எடை சீக்கிரம் ஏறட்டும் என்று சமவெளியிலிருந்து மேச்சேரி போன்ற கம்பளி இல்லாத இனக் கிடாக்களை ஏற்றி வந்து பலர் பட்டியில் விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. குடும்பம் நடக்க வேண்டுமே.

ஆனால் நடப்பதைத் தாங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். நல்ல நீலகிரிப் பெட்டை ஒன்றின் தோள்பட்டையில் இரண்டு விரலால் மயிரை விலக்கினால் உள்ளே வெள்ளை வெளேரென்று, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடு, அடர்த்தியாக இருக்கும். ரோஸ் நிறத் தோல் தெரிவதற்கே நன்றாக விலக்க வேண்டும். அதே பெட்டைக்குச் சமவெளிக் கிடாவுக்குப் பிறந்த குட்டியின் வயிற்றிலும் தொடையிலும் கம்பளி நிற்பதில்லை. முதுகில் இருப்பதும் சொரசொரப்பாக, முடியும் கம்பளியும் கலந்து வருகிறது. அந்தக் குட்டியை மறுபடி அப்படிப்பட்ட கிடாவோடு சேர்த்தால் கத்தரிப்பதற்கே ஒன்றும் இருக்காது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் விடியற்காலை பட்டியில் விறைத்துக் கிடப்பவை பெரும்பாலும் இந்தக் குட்டிகள்தான். எடை ஏறும் என்று நம்பி வாங்கிய கிடாவால் வரும் லாபம் இப்படியே போய்விடுகிறது.

இந்த ஆடு உருவானதே உரோமம், கறி இரண்டுக்கும்தான் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் இனங்களின் ரத்தம் கலந்து இந்த மலையில் உருவானது இது. மெரினோ மெல்லிய உரோமத்துக்குப் பேர்போனது. சவுத் டவுன் கறிக்கு. செவியட்டோ ஸ்காட்லாந்து எல்லையோரக் குளிர்மலைகளில் வளர்ந்தது. கோயம்புத்தூர் ஆடு நம் மேய்ச்சலுக்கும் வெயில் மழைக்கும் பழகியது. நான்கும் சேர்ந்து நிலைத்த பிறகு கிடைத்த உரோமம் சராசரியாக 27 மைக்ரான் தடிமனில் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கிறது. இது உயர்ரக மெரினோ அளவுக்கு மெல்லியது அல்ல, சரி. ஆனால் கையால் நூற்றுச் சால்வையும் போர்வையும் நெய்யத் தாராளமாக உதவும்.

சாண்டிநல்லாவில் உள்ள கால்நடை அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைக் காப்பாற்றி வைத்திருப்பதற்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். மெரினோ, ராம்புலே என்ற அயல்நாட்டு இனங்களின் ரத்தம் 62.5 சதவீதமும் நீலகிரி ரத்தம் 37.5 சதவீதமும் கொண்ட சாண்டினோ என்ற கலப்பினமும் அங்கே உருவானதுதான். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய ஆராய்ச்சி நிலையம் பாரத் மெரினோ என்ற கலப்பினத்தை வளர்க்கிறது. இவற்றின் உரோமம் இன்னும் மெல்லியது என்பதை அறிவோம். ஆனாலும் கொட்டகைத் தீவனம் போட வசதியில்லாத எங்களைப் போன்றவர்களுக்கு, மழையில் நனைந்துகொண்டே மேய்ந்து வருகிற நீலகிரிதான் அடிப்படையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

எங்கள் முதல் தேவை பொலிகிடா. பத்து, இருபது பெட்டை வைத்திருப்பவர் தனியாக நல்ல கிடா வாங்கிக் கட்டுப்படியாகாது. இருக்கிற கிடாவையே வைத்துக்கொண்டிருந்தால் அது தன் மகளோடும் பேத்தியோடும் சேர்கிறது. குட்டி சிறுத்துப் போகிறது. ஆகவே ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடாக்களைப் பெற்று ஊருக்கு ஊர் கொடுத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு ஊர்க் கிடாவை அடுத்த ஊருக்கு மாற்றுகிற ஏற்பாட்டைக் கால்நடை பராமரிப்புத் துறை செய்து தர வேண்டும். கிடாவைத் தேர்ந்தெடுக்கும்போது ஆறு மாத எடையை மட்டும் பார்க்காமல், முதல் கத்தரிப்பில் எவ்வளவு உரோமம் வந்தது, தொடை மயிர் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எடைக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் நாமே அரசுச் செலவில் கம்பளியைக் கழித்துக்கட்டியவர்கள் ஆவோம்.

அடுத்தது உரோமம். வெட்டிய மயிர் மூட்டை மூட்டையாகப் பரணில் கிடந்து பூச்சி அரிக்கிறது. சிலர் கேரட் தோட்டத்தில் உரமாகப் புதைக்கிறார்கள். சமவெளி வியாபாரி ஒருவரிடம் கொண்டுபோனபோது, ஒட்டுப்புல்லும் முள்ளும் கலந்திருக்கிறது, கறுப்பு மயிரும் சேர்ந்திருக்கிறது என்று சொல்லி, வண்டி வாடகைக்கும் காணாத விலை கேட்டார். அவர் சொன்ன குறை உண்மைதான். தரம் பிரிக்க இங்கே யாருக்கும் பயிற்சி இல்லை. தார்ப்பாய் விரித்துக் கத்தரிக்கும் வழக்கமும் விட்டுப்போய்விட்டது. உறைபனி ஓய்ந்ததும் ஒருமுறை, தென்மேற்குப் பருவமழை தணிந்ததும் ஒருமுறை என்று இயந்திரக் கத்தரிப்பு முகாம் நடத்தி, அங்கேயே தரம் பிரித்து எடைபோட்டு வாங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஜோத்பூரில் உள்ள மத்திய கம்பளி மேம்பாட்டு வாரியம் வழியாக 2021-26 காலத்துக்கு 126 கோடி ரூபாயில் ஒருங்கிணைந்த கம்பளி மேம்பாட்டுத் திட்டத்தை ஒன்றிய அரசு அறிவித்தது. இப்படிப்பட்ட திட்டங்களின் பயன் நம் மாவட்டத்துக்கும் கிடைக்கும்படி தாங்கள் எழுதிக் கேட்க வேண்டுகிறோம். மகளிர் திட்டக் குழுக்களுக்கு நூற்பும் நெசவும் கற்றுக்கொடுத்தால் உரோமம் மலையை விட்டு இறங்காமலேயே காசாகும்.

தேசிய கால்நடை இயக்கத்தில் 50 சதவீத மானியம் இருப்பது தெரியும். ஆனால் அதற்குக் குறைந்தது 100 பெட்டையும் 5 கிடாவும் வைக்க வேண்டும். எங்களில் எவருக்கும் அவ்வளவு ஆடும் இல்லை, அவ்வளவு மேய்ச்சல் நிலமும் இல்லை. பல குடும்பங்கள் சேர்ந்த மந்தையை ஒரே அலகாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம், ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரித் தடுப்பூசிகளை மழைக்கு முன்பே பட்டிக்கு வந்து போட்டால் பேருதவியாக இருக்கும்.

அடுத்த இணைசேர்க்கைப் பருவத்துக்கு முன் கிடா கைக்கு வந்தால்தான் ஒரு வருடம் வீணாகாது. எனவே கால்நடை மண்டல இணை இயக்குநரையும் ஆராய்ச்சி நிலைய அலுவலர்களையும் எங்களோடு உட்காரவைத்து, இந்த மாதத்துக்குள் ஒரு கூட்டம் நடத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எந்த ஊரில் எத்தனை பெட்டை, எத்தனை கிடா என்ற பட்டியலைக் கூட்டத்துக்கு எழுதிக் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
செம்மறி ஆடு வளர்க்கும் குடும்பங்கள் சார்பில்
(கையொப்பங்கள்)

நகல்: மண்டல இணை இயக்குநர், கால்நடை பராமரிப்புத் துறை, உதகமண்டலம்.